அழுக மறுத்த மாம்பழப் பெட்டி

“அக்கா, அது வேலை செஞ்சுதா, செய்யலையா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க, நான் எழுதிக் குடுத்துடறேன்” என்று போனில் கேட்டாள் நித்யா.

நான் ஓய்வு பெற்ற பழக் கிடங்கில் தரம் பார்க்கும் பொறுப்பு இப்போது அவளுடையது. மதுரைப் பெண், கெட்டிக்காரி, எதையும் சுருக்கமாகத்தான் கேட்பாள். கேட்டது கிராம்பு எண்ணெயைப் பற்றி. பறித்த மாம்பழம் அழுகாமல் இருக்க, ரசாயனத்துக்குப் பதிலாகச் செடி கொடிகளிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பயன்படுத்தலாமா என்று எங்கள் காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. இப்போது திரும்பின பக்கமெல்லாம் இயற்கை, இயற்கை என்கிறார்கள் அல்லவா, முதலாளியின் மகனுக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது. பலன் இருந்ததா என்று தெரிந்துகொண்டுதான் பழப் பிரிவைத் தொடர்வதா, வேண்டாமா என்று முடிவெடுப்பாராம்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று போனை வைத்தேன். ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஆமாம் என்று சொன்னாலும் மனசு உறுத்துகிறது, இல்லை என்று சொன்னாலும் உறுத்துகிறது. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நம்பிக்கையில்லை. பார்க்கலாம்.

நான் படித்தது தாவரவியல். கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். பக்கத்து வீட்டுக்காரிகளோடு ரேஷன் சர்க்கரையைப் பற்றியே எத்தனை காலம் பேசுவது என்று அலுத்துப்போய், நூம்பல் பக்கம் இருந்த அந்தக் கிடங்கில் பழம் தரம் பிரிக்கச் சேர்ந்தேன். திட்டு வாங்கி வேலை கற்றுக்கொண்டேன், மேற்பார்வைக்கு வந்ததும் திட்டக் கற்றுக்கொண்டேன். இடையில் வேப்பம்பட்டில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோனோம். தினமும் ரயிலில் ஆவடி வரை வந்து, அங்கிருந்து பஸ்.

பழத் தொழிலில் ஒரு பெரிய எரிச்சல் உண்டு. வீட்டில் மாம்பழம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியாது. மாம்பழ நோய் ஒரு பூஞ்சை, தோப்பிலேயே வந்துவிடும். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது மழை பெய்தால், கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காய் பச்சையாக இருக்கும்வரை மூச்சுக் காட்டாது. பழுக்க ஆரம்பித்ததும் எழுந்து கறுப்புப் புள்ளி, காம்படியில் கறுப்பு வளையம், பிறகு கொழகொழவென்று அழுகல். நான் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, நல்ல காய் என்று அனுப்பியது கடைக்குப் போய் நாறும். திட்டு மட்டும் என்னைத் தேடி வரும்.

அதனால்தான் எங்கள் தரப் பிரிவுத் தலைவர் பரசுராமன் சார் யாரையும் ‘நல்ல பழம்’ என்று சொல்ல விடமாட்டார். ‘இப்போதைக்கு நல்ல பழம்’ என்று சொல்ல வேண்டும். புதிதாக வந்த பெண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

சாரைப் பற்றி என்ன சொல்ல! ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை, எப்போதும் நின்றுகொண்டேதான் இருப்பார். பழத்தை விரல் நுனியால் தொடமாட்டார். உள்ளங்கையில் வைத்து, முதலில் காம்பைத்தான் பார்ப்பார், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல. நாம் எதைச் சொன்னாலும் “அப்படியா?” என்பார். அதற்கப்புறம் “சரிங்க” என்பார். அந்தச் சரிங்கவில் மூன்று வகை உண்டு. வெட்டென்று சொன்னால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளவில்லை. தாழ்ந்த குரலில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னால் என்ன அர்த்தம் என்று அந்த வேலையில் நான் இருந்தவரைக்கும் பிடிபடவில்லை.

ஒரு சீசனில் எங்களுக்குச் சிக்கல் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பழம் அனுப்பும் கடைக்காரர்கள் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்த பழம் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். முக்காமல் அனுப்பினால் பாதி அழுகித் திரும்பி வந்தது. முதலாளி ஒருநாள் கிடங்கைச் சுற்றி வந்து, சுவர்களை அண்ணாந்து பார்த்தார். ஆன்லைன் சாமான் கம்பெனிக்காரர்கள் குடோனுக்கு இடம் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். “என்னங்க பரசுராமன், இந்த சீசனுக்குள்ள இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இல்லைன்னா பழப் பிரிவை எடுத்துடறேன். வெறும் குடோனா விட்டா எனக்குத் தலைவலி இல்லை” என்றார்.

வீட்டுக்காரர் சம்பளம் இருந்ததால் நான் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனால் எனக்கென்று இருந்தது அந்த வேலைதான். தரம் பிரிக்கும் பெண்களுக்கோ அதுவே சோறு. திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்த கஸ்தூரி, “யக்கா, இத்த வுட்டா எனுக்கு வேற இன்னா தெரியும்? மாங்காவ தொட்டுத் தொட்டு எங்கையே மாங்காவாப் பூட்ச்சி” என்று சொல்லி அழுதாள்.

சார் ஒரு வாரம் கழித்து இரண்டு கேன் கிராம்பு எண்ணெயோடு வந்தார். கிராம்பு, லவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல் எண்ணெய்களுக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு என்று எங்கோ கேட்டு வந்திருக்கிறார். கேட்பது சுலபம். எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும், நாங்களும் முதல் நாளே அதைத் தெரிந்துகொண்டோம். தொட்டியில் மேலே மிதந்த எண்ணெய் காயில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, மறுநாள் அந்த இடமெல்லாம் சூடு வைத்ததுபோல் பழுப்பாகிவிட்டது.

அப்புறம் சார் பிசினைப் பிடித்தார். உணவுக்குப் போடுகிற பிசின் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டபடியே மிக்ஸியின் பெரிய அண்ணன் போன்ற ஒரு யந்திரத்தால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோர்போல வெளுத்து, மேலே ஒரு பொட்டு எண்ணெய்கூடக் கண்ணில் படாமல் வந்தால்தான் பதம். காயின் காம்பை ஒடித்துக் கவிழ்த்து வைத்து, பால் முழுக்க வடிந்த பிறகு, வலைக்கூடையில் போட்டு அந்த மோரில் முக்குவோம். எடுத்துத் தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, ஃபேனடியில் தோல் காயும்வரை வைப்போம். ஈரத்தோடு அடுக்கினால் முக்கியதே வீண். எண்ணெய் கொஞ்சம் கூடினால் தோல் கருகும், குறைந்தால் பூஞ்சை சிரிக்கும். அளவு பிடிபடுவதற்குள் எங்கள் எல்லோருக்கும் கண் எரிந்து, மூக்கு வழிந்து, அதற்கப்புறம் வாசனை என்பதே மறந்துபோனது.

மூக்கு மறந்துபோனது எங்களுக்குத்தான், ஊருக்கில்லை. ரயிலில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் பரிதாபமாகப் பார்த்து, “பல்லு வலியாம்மா?” என்று கேட்டார்கள். ஒருத்தி நல்ல டாக்டர் பேரைச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஸ்தூரி சிரித்தாள். “எம் மாமியா இந்தக் கோட்ட ஊட்டாண்டயே கொண்டாராதன்றாக்கா. அதான் அத்த கம்பெனிலயே மாட்டிட்டு வந்துட்றேன். நீ இன்னான்னா தூக்கிகினு தூக்கிகினு வர்ற” என்றாள். வேலைக்கோட்டைச் சொன்னாள். நான் என் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை நினைவிருந்தால் துவைப்பேன்.

அளவு பிடிபட்டதும் பரீட்சை. திருவள்ளூர் பக்கத்துத் தோப்பு ஒன்றிலிருந்து பங்கனப்பள்ளி வந்தது. மழையில் நனைந்த தோப்பு, வேறு யாரும் வாங்கப் பயந்த காய். அழுகுவதற்கென்றே காய்த்ததுபோல இருந்தது, எங்களுக்கும் அதுதான் தேவைப்பட்டது. பாதியை எண்ணெய் மோரில் முக்கினோம். மீதிப் பாதியை, வித்தியாசம் தெரிய வேண்டுமே என்று, வெறும் தண்ணீரில் முக்கினோம்.

சார் எதிலும் நியாயம் பார்ப்பவர். மோர் வெதுவெதுப்பாக இருந்ததால் வெறும் தண்ணீரும் அதே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும் என்றார். இரண்டு பாதிக்கும் ஒரே சூடு, ஒரே காற்று கிடைக்க வேண்டும் என்று ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொன்னார். எங்களிடம் பழுக்க வைக்கும் அறையும் ஒன்றுதான் இருந்தது. இதைவிட நேர்மையாக ஒரு பரீட்சை வைக்க முடியாது என்று எனக்கு ஒரே பெருமை.

காய் பழுத்தது. எண்ணெய்ப் பாதி சுத்தமாக இருந்தது. சந்தோஷத்தில் கஸ்தூரியைக் கட்டிக்கொண்டேன். அடுத்து வெறும் தண்ணீர்ப் பாதியைத் திறந்தோம். அதுவும் சுத்தமாக இருந்தது.

எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலாளி வந்து இரண்டையும் பார்த்துவிட்டு, “அப்போ தண்ணியில கழுவினாலே போதுமே, எண்ணெய் எதுக்கு?” என்றார். கேள்வி சரிதான். அந்தத் தோப்புக் காய் நாங்கள் நினைத்த அளவு மோசமில்லையா? வெதுவெதுப்பான தண்ணீரே நோயைக் கொன்றுவிட்டதா? சார் எல்லாவற்றுக்கும் “அப்படியா?” என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டு நடந்தார்.

அன்றைக்கு வெறும் தண்ணீர்ப் பழத்தில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, “என்ன இது, கிராம்பு அடிக்குது?” என்றார்.

“உங்களுக்கு என்ன தெரியும்? இது எண்ணெயே படாத பழம்.”

“படாத பழமா? சரி, பிரியாணியில போட்டா மசாலா மிச்சம்.”

இவருக்கு எதிலும் கேலிதான். மறுநாள் அதே எரிச்சலோடு சாரிடம் போய், ‘பாருங்க சார் இந்த மனுஷரை’ என்று புகாராகச் சொன்னேன். சார் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார். உட்காரவே உட்காராதவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“எண்ணெய் காத்துல பறக்கற சாதியாச்சேம்மா. ஒரே ரூம்ல வெச்சோம். அந்தப் பாதிக்கும் அது போயிருக்காதா?” என்றார்.

எங்கள் மூக்கெல்லாம் செத்துக் கிடந்ததால் அது எங்களுக்குத் தெரியவேயில்லை. நியாயம் பார்க்கிறேன் என்று இரண்டையும் ஒரே அறையில் வைத்து, நாங்களே பரீட்சையைக் கலைத்திருந்தோம்.

சார் இதை முதலாளியிடம் சொன்னார். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அதாவது, எண்ணெய் படாத பழத்தையும் எண்ணெய்தான் காப்பாத்துச்சுன்னு சொல்றீங்க.”

“இருக்கலாங்க.”

“பட்டாலும் படாட்டாலும் காப்பாத்தும்னா, எதுக்குங்க முக்கணும்?”

“அப்படியும் கேக்கலாங்க.”

எனக்கு மண்டை காய்ந்தது. ஆனால் முதலாளி கெட்டவர் இல்லை. “இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க, கடைசி” என்றார். அதே தோப்பின் அடுத்த பறிப்பு வந்தது, மறுபடி மழையில் நனைந்தது. இந்த முறை எண்ணெய்ப் பெட்டிகள் கிடங்கு அறையிலேயே இருக்கட்டும், வெறும் தண்ணீர்க் காய்களைக் குழாய்த் தண்ணீரில் அலசி, எண்ணெய் வாசம் படாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் சார். கிடங்கு முழுக்கத்தான் கிராம்பு வீசியதே, எங்கே கொண்டுபோவது? நாங்களே முன்வந்தோம். கஸ்தூரி ஒரு பெட்டி, நூம்பலிலேயே வீடு இருந்த நூர்ஜஹான் ஒரு பெட்டி, நான் ஒரு பெட்டி என்று ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப்போனோம்.

நன்றாகக் கவனியுங்கள், இங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. எண்ணெய் வேலை செய்கிறது என்று நிரூபணமானால்தான் பழப் பிரிவு நிலைக்கும். அதற்குக் கிடங்கில் இருப்பது அழுகாமல் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் இருப்பது அழுக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அழுகலோடு மல்லுக்கட்டியவள் நான். ஒரு புள்ளியைப் பார்த்தால் ஒரு வேளை சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் காலையில் எழுந்ததும் பின்னறைக்குப் போய், ஐயோ, இன்றைக்காவது ஒரு புள்ளி வந்திருக்காதா என்று ஒவ்வொரு பழமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரயிலில் கஸ்தூரி, “யக்கா, மாங்கா அயுகணும்னு மாரியாத்தாவ வேண்டிகினேன். ஆத்தா என்ன லூசுன்னு நெனைக்கப் போறா” என்றாள்.

மாரியாத்தா அவளைக் கைவிடவில்லை. சில நாளில் ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் கல்யாண வீட்டுக்காரி மாதிரி ஓடி வந்தாள். “யக்கா! மொத்தமும் அயுகிப் பூட்ச்சிக்கா! ஊடே நாறுது! மாமியா காறித் துப்பிகினு கீது!”

என் பெட்டியில் ஒன்றும் ஆகவில்லை. பழுத்தது, மஞ்சளானது, மணந்தது, ஒரு புள்ளிகூட வரவில்லை. வீட்டுக்காரர் தினமும் எட்டிப் பார்த்துவிட்டு, “உன் பழமெல்லாம் தங்கம் போல இருக்கு” என்று சந்தோஷமாகச் சொல்வார். ஒருநாள் காலையில் அவர் அப்படிச் சொன்னதும் நான் அழுதுவிட்டேன். மனிதர் விழித்தார். இவ்வளவு நாளும் பழம் கெட்டால் அழுதவள், இப்போது கெடாததற்கு அழுகிறாள் என்றால் யார்தான் விழிக்கமாட்டார்கள்? விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாலஞ்சை நான் வேணா அமுக்கி விடட்டுமா?” என்றார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

வேண்டாம் என்றேன். ஆனால் அன்று சாரிடம் போய், “சார், என் பெட்டியை அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க சாப்பிட்டுட்டாங்கன்னு சொல்லிடலாமா? கஸ்தூரி பெட்டியை மட்டும் காட்டுவோம். அது போதுமே” என்றேன்.

“அப்படியா?” என்றார். அப்புறம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், “சரிங்க. நாளைக்கு உங்க பெட்டியையும் கொண்டு வந்துடுங்க” என்றார்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிய காலையை மறக்கமாட்டேன். பெட்டியிலிருந்த மாம்பழ வாசனைக்கு ஆளாளுக்கு விலை கேட்டார்கள். விற்பதற்கில்லை என்றேன். ஆவடியில் இறங்கும்போது இதைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. போடவில்லை.

மேசையில் நாலு பெட்டி வைத்தோம். கிடங்கில் இருந்த எண்ணெய்ப் பெட்டி ஒன்று, அங்கங்கே ஓரிரண்டு புள்ளி தவிர நன்றாகவே இருந்தது. கஸ்தூரியின் பெட்டி கன்னங்கரேல். நூர்ஜஹான் பெட்டி பாதிக்குப் பாதி. என்னுடையது தங்கம். எது எதுவென்று எழுதி ஒட்டவில்லை. நாங்கள் பெண்கள் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டே சுவரோரம் நின்றோம்.

முதலாளி வந்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். நேராக என் பெட்டியிடம் வந்து ஒரு பழத்தைக் கையில் எடுத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இதுதானே எண்ணெய்ப் பழம்? சொல்லவே வேண்டாம், பார்த்தாலே தெரியுது. நல்லா வேலை செஞ்சிருக்குங்க பரசுராமன்!” என்றார்.

கஸ்தூரி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். சார் ஒன்றும் சொல்ல வேண்டாம். தலையைக்கூட ஆட்ட வேண்டாம். சும்மா நின்றால் போதும், எங்கள் எல்லோருக்கும் வேலை உண்டு. சும்மா நில்லுங்க சார், சும்மா நில்லுங்க சார் என்று மனசுக்குள் கதறினேன்.

“இல்லைங்க. அது வெறும் தண்ணிங்க” என்றார் சார்.

முதலாளி கையிலிருந்த பழத்தைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். “அப்போ இந்தக் கறுப்பு?”

“அதுவும் வெறும் தண்ணிதாங்க.”

“ரெண்டும் ஒண்ணுன்னா, இது ஏன் அழுகல?”

“தெரியலைங்க.”

“தெரியலையா?”

“தெரியலைங்க” என்றார் மறுபடி, அதே குரலில்.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் கோபம் வந்தது. முடிந்தது கதை என்று கஸ்தூரி கண்ணைத் துடைத்தாள். முதலாளி கத்தி கேட்டார். நூர்ஜஹான் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவரே கதுப்பை வெட்டி, நின்றபடி தின்றார். கொட்டையைச் சப்பினார். கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு நல்ல பழம் ஏன் அழுகலைன்னு தெரியாம எப்படிங்க மூடுறது? அடுத்த சீசன் பாருங்க. குடோன்காரங்களை அப்புறம் வரச் சொல்றேன்” என்றார்.

அடுத்த சீசனில் மழையே இல்லை, எதுவும் அழுகவில்லை, அதனால் எதுவும் தெரியவில்லை. அதற்கடுத்த சீசனில் தோப்பு மாறியது. அதற்கடுத்து ஊரடங்கு வந்து, கிடைத்ததை அனுப்பினால் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் எண்ணெயில் முக்கினோம், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது, ஒவ்வொரு முறையும் முதலாளி ‘அடுத்த சீசன்’ என்றார். அது பழத்தின் ருசியா, சாரின் வாய்மையா, அல்லது விடை தெரியாத கணக்கை விட மனமில்லாத பிடிவாதமா, எனக்கு விளங்கவில்லை. சார் ஓய்வு பெற்றுப் போகும்போது, “இப்பவாவது சொல்லுங்க சார், என் பெட்டி ஏன் அழுகலை?” என்று கேட்டேன். “உங்க வீட்டுலதானேம்மா இருந்துச்சு? நீங்கதான் சொல்லணும்” என்றார்.

இந்த வாரம் நித்யா கேட்டதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “பின்னறையிலதானே வெச்சிருந்தே? உன் கோட்டு அங்கதானே தொங்கும்?” என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எண்ணெய் வாசமே படக்கூடாது என்று பழத்தை வேப்பம்பட்டுவரை தூக்கி வந்தவள், தினமும் எண்ணெயில் ஊறிய கோட்டைக் கொண்டுவந்து அதே பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். கஸ்தூரி மாமியாருக்குப் பயந்து கோட்டைக் கொண்டு போகவேயில்லை, அவளுடையது மொத்தமும் அழுகியது. அப்படியென்றால் எண்ணெய் வேலை செய்திருக்கிறது! போனை எடுத்துவிட்டேன்.

எடுத்த கையோடு கீழே வைத்தேன். நூர்ஜஹானும் கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனவள்தான், அவளுடையது ஏன் பாதி அழுகியது? கஸ்தூரி வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அந்த வெக்கைக்கு எதுதான் அழுகாது? ஒரு கோட்டிலிருந்து வருகிற வாடை ஒரு பெட்டிப் பழத்தைக் காப்பாற்றுமா? வீட்டுக்காரரை ஏணி போடச் சொல்லி, பரணில் பாலித்தீன் பையில் கட்டிக் கிடந்த அந்தக் கோட்டை இறக்கினேன். முகத்தில் வைத்து மூச்சை ஆழமாக இழுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரிடம் நீட்டினேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அப்பப்பா, இன்னும் கிராம்பு!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிஜமாகத்தான் சொல்கிறாரா, வழக்கம்போல் கேலியா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அதுகூட எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

நேற்று இதுவரை எழுதிவிட்டு, இன்று காலை நித்யாவுக்குப் போன் போட்டேன்.

“தெரியலைன்னு எழுதிக் குடு” என்றேன்.

“விளையாடாதீங்கக்கா. தெரியலைன்னு எழுதிக் குடுத்தா பழப் பிரிவையே மூடிடுவாங்க.”

“அடிப் போடி. தெரியலைன்னு ஒருத்தர் சொன்னதாலதான் அதை மூடாம விட்டாங்க. தெரியும்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்குமோ, அதுவும் எனக்குத் தெரியலை” என்றேன்.